முப்பதடி தார்ச்சாலை

ஜாம்பஜார், மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
ஏசி இருக்கிறது, ஓடாது.
எனக்கு வந்த வேலை இவ்வளவுதான்:
படத்தில் இருப்பது மண் பாதை.
வெள்ளிக்கிழமை பேப்பருக்குள் செருகும் நோட்டீஸில்
அது முப்பதடி தார்ச்சாலை ஆகிவிட வேண்டும்.
"ரெண்டு மணி நேர வேலம்மா" என்றார் நாதமுனி சார்,
"ஓரத்துல நாலு பாம் மரமும் போட்டுடு."

படம் எடுத்தவர் இன்னாசி.
பெரியபாளையத்துக்கும் அப்பால், காலை ஆறே முக்காலுக்கு.
மனை விற்பதற்கு மத்தியான வெயிலே போதும்,
இவர் ஏன் அவ்வளவு சீக்கிரம் போனார் தெரியவில்லை.

நூறு சதவீதத்தில் அது வெறும் பழுப்புக் கோடு.
நானூறுக்குப் பெரிதாக்கினேன்.
அழிக்கிறவள் கிட்டே போய்த்தானே ஆக வேண்டும்.

ஒரு சைக்கிள் தடம்
நேராக வந்து, லேசாக ஒதுங்கி, மறுபடி நேராகிறது.
ஒதுங்கிய இடத்தில்
கைப்பிடியளவு எறும்புப் புற்று,
வாயோரம் மண் இன்னும் ஈரமாக.

ஆட்டுக் குளம்புகள்,
அடைப்புக்குறி போட்டுவிட்டு
உள்ளே எழுத மறந்ததுபோல.

நடுவில் புல். யாரும் நட்டதில்லை.
இரண்டு சக்கரங்களும்
இது உனக்கு என்று விட்ட இடம்.

கடுகளவு கல்லுக்கும் சாண் நீள நிழல்.
சரி, ஆறே முக்கால் இதற்குத்தான்.

அப்புறம் அந்தக் குட்டை.
தட்டு அகலம்கூட இல்லை.
அதற்குள் ஒரு மின்கம்பி,
கம்பியில் தலைகீழாக ஒரு கரிச்சான்.
மேலே தேடினேன், வானம் மட்டும்.
கம்பி சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது.
இந்தப் படத்தைப் பொறுத்தவரை
அந்தப் பறவை தண்ணீரில்தான் இருக்கிறது.

அழிப்பது என்றால் வேறொன்றுமில்லை,
பக்கத்து மண்ணை எடுத்து இதன்மேல் போடுவது.
புற்று போயிற்று. குளம்புகள் போயின.
சைக்கிள்காரர் யாருக்காகவும் ஒதுங்கவில்லை இனி.

தாருக்கு எங்கே போவது?
கீழே இறங்கி, இரண்டு ஆட்டோக்களின் இடைவெளியில்
பைகிராப்ட்ஸ் ரோட்டைக் குனிந்து போனில் எடுத்தேன்.
"என்னாம்மா தொலைச்ச?" என்று கேட்டான் பழவண்டிக்காரன்.
மேலே வந்து
வெற்றிலைச் சாற்றை அழித்தேன்,
நசுங்கிய டீ கப்பை, சாக்கடை மூடியின் பாதியை அழித்தேன்.
மிச்சமிருந்த ராயப்பேட்டையைச்
சுருக்கமில்லாமல் அங்கே விரித்தேன்.

இந்த மென்பொருளில்
ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் உண்டு.
தாரின் கண்ணைத் தொட்டால் மூடிக்கொள்ளும்,
உடனே மண் விழிக்கும்.
மூடினேன், திறந்தேன்.
மூடி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

இன்னாசிக்குப் போன் போட்டேன்.
ஏன் சார் அவ்வளவு காலையில்?
"முதல் பஸ் அதாம்மா" என்றார்.
பின்னால் பிரஷர் குக்கர் கத்தியது.
வைக்கப் போனவர் வைக்காமல்,
"தண்ணியில ஒண்ணு உக்காந்திருக்கும், பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.
அழித்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

கம்பி வேண்டாம், குட்டையும் வேண்டாம்,
அதை மட்டும் எடுத்து
தாரின்மேல் வைத்தேன், தலைகீழாகவே.
அச்சில் மூன்று மில்லிமீட்டர் வரும்.

நாதமுனி சார் பின்னால் வந்து நின்றார்.
"அதென்ன கறுப்பா?"
ஆயில் கறை சார். வண்டி போற ரோடுன்னா இருக்கும்ல.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கி,
"இருக்கட்டும், நேச்சுரலா இருக்கு" என்றார்.

பாம் மரங்கள்தான் பாக்கி.
ஆறே முக்கால் வெயிலுக்கு அவற்றின் நிழல்
சாலையைத் தாண்டி
இன்னும் விற்காத பதினேழாம் மனைக்குள் போய் விழும்.
அவ்வளவு நீளம் போடவா என்று
அவரிடம் கேட்கவில்லை.